வீடியோ ஊழியத்தில் சேருகிறவர் கேமராவில் தொடங்க வேண்டாம்

கேள்வி இது: "எங்கள் சபையில் ஞாயிறு காலை 300 பேர் வரை கூடுவோம். ஒரு டிஎஸ்எல்ஆர், ஒரு லேப்டாப், யூடியூப் நேரலை. வீடியோ ஊழியத்தில் ஆள் இல்லை, வாருங்கள் என்று போதகர் கூப்பிடுகிறார். போனில் படம் எடுத்ததைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே சொதப்பும்?"

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் பாதியில் நின்றுபோவது அதனால்தான். இரண்டு மணி நேர ஆராதனை என்றால் உங்களுக்கு அது நான்கு மணி நேர வேலை. ஒன்றரை மணி நேரம் முன்பே ஆலயத்தில் இருக்க வேண்டும். முடிந்தபின் வயர் சுற்றி, பதிவை நகல் எடுத்து, அலமாரியைப் பூட்டிக் கிளம்ப அரை மணி நேரமாகும். பிரசங்கத்தை மட்டும் தனியாக வெட்டி ஏற்றுவதென்றால் வார நாளில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். இதை ஒரே ஆள் வாரம் தவறாமல் செய்தால் ஆறு மாதம் தாங்க மாட்டார். சேரும்போதே 'மாதம் இரண்டு ஞாயிறு' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஞாயிறுகளில் குடும்பத்தோடு பெஞ்சில் உட்காருங்கள். ஹெட்போன் மாட்டி லெவல் பார்த்துக்கொண்டிருந்தவர் பிரசங்கம் கேட்டதாகக் கணக்கில்லை.

இனி, எங்கே தொடங்குவது என்பது. எல்லோருக்கும் கை கேமராவுக்குத்தான் போகும். என் பேச்சைக் கேட்டால் முதல் மாதம் கேமராவைத் தொடாதீர்கள், சத்தத்தில் தொடங்குங்கள். நேரலையை யார் பார்க்கிறார்கள் என்று யோசித்தாலே காரணம் விளங்கும். முழங்கால் வலியால் படியேற முடியாத ஆச்சி, பிரசவமாகி வீட்டிலிருக்கும் பெண், ஞாயிறு வேலை நாளாக இருக்கும் சவுதியிலோ குவைத்திலோ ஷிஃப்ட் முடித்து வந்து பார்க்கும் ஒருவர். பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள், பாதி நேரம் போனை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் சகித்துக்கொள்வார்கள். வசனம் காதில் தெளிவாக விழாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் போய்விடுவார்கள்.

பல சபைகளில் இன்றைய ஏற்பாடு 2020 மார்ச் 25 ஊரடங்கோடு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ஈஸ்டருக்குள் எப்படியாவது நேரலை போக வேண்டும் என்று, கிடைத்த போனையும் கிடைத்த வயரையும் வைத்துக் கட்டியது. அதற்கு மேல் ஒட்டு, ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஆகவே உங்கள் முதல் வேலை ஒரு நோட்டை எடுத்து, எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று படம் வரைவது. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். பாதி கோளாறுகள் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

அநேகமாக அந்தப் படத்தில் நீங்கள் பார்க்கப்போவது: மிக்சரின் மெயின் அவுட்டிலிருந்து, அதாவது ஆலய ஸ்பீக்கருக்குப் போகும் அதே சத்தத்திலிருந்து, ஒரு வயர் பிரிந்து கேமராவுக்கோ லேப்டாப்புக்கோ போகும். இங்கேதான் முதல் தப்பு. டிரம்ஸும் கொயரும் ஆலயத்துக்குள் மைக் இல்லாமலே கேட்கும் என்பதால் மிக்சரில் அவற்றைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். அதே கலவை நேரலைக்குப் போனால் பாடகரின் குரல் மட்டும் தனியாகக் கத்தும், தாளம் எங்கோ அடுத்த தெருவில் கேட்கும், சபையார் பாடுவது கேட்கவே கேட்காது. மிக்சரில் 'ஆக்ஸ்' என்று தனி வெளியீடுகள் இருக்கும். ஒன்றை நேரலைக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லி சவுண்ட் பார்க்கிற அண்ணனிடம் கேளுங்கள். அதில் டிரம்ஸையும் கொயரையும் கூட்டி, பிரதான பாடகரைச் சற்றுக் குறைத்து, வேறு கலவை வைக்கலாம். சபையின் பாட்டுக்கு, மேடையோரத்திலிருந்து மக்களைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை அந்த ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள். ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஊளையிடும். பிரசங்கம் தொடங்கியதும் அந்த மைக்கை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இருமலும் குழந்தை அழுகையும்தான் முன்னால் நிற்கும்.

அடுத்தது லெவல். மிக்சர் கொடுப்பது லைன் லெவல் எனப்படும் வலுவான சிக்னல். கேமராவின் மைக் துளையோ மைக்கின் மெல்லிய சிக்னலை எதிர்பார்ப்பது. இரண்டுக்கும் 40 டெசிபலுக்குக் குறையாத வித்தியாசம் உண்டு. நேரடியாகச் செருகினால் சத்தம் கிழிந்து வரும், பிறகு எந்த எடிட்டிங்கிலும் சரியாகாது. இடையில் பேட் எனப்படும் சிக்னலைக் குறைக்கும் கருவி வேண்டும். அதைவிட நல்லது, லைன் இன்புட் உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி நேராக லேப்டாப்பில் கொடுப்பது. லேப்டாப்பின் சொந்த மைக் துளை வேண்டவே வேண்டாம். கேமராவில் சத்தப் பதிவு 'ஆட்டோ'வில் இருந்தால் 'மேனுவல்' ஆக்குங்கள். ஆட்டோவில், போதகர் ஜெபத்துக்கு முன் இரண்டு நொடி அமைதியாக நிற்கும்போது கேமரா தானாகக் காதைத் தீட்டிக்கொள்ளும். மின்விசிறி இரைச்சல் அலைபோல எழும்பி, அவர் வாய் திறந்ததும் அடங்கும்.

நேரலையை அனுப்பும் இலவச மென்பொருளான ஓபிஎஸ்ஸில் சத்தத்தின் அளவுகாட்டி -20 வரை பச்சை, -9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சாதாரணப் பேச்சு மஞ்சளில் ஆடட்டும். 'அல்லேலூயா' என்று உரக்கச் சொல்லும்போது சிவப்பின் தொடக்கத்தைத் தொட்டுத் திரும்பினால் சரி, 0-வைத் தொடக்கூடாது. பாதுகாப்புக்கு, சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஃபில்டரை -3-இல் போட்டு வைக்கலாம். பிறகு ஏற்றும் பதிவுகளுக்கு ஒரு குறிப்பு: யூடியூப் -14 லஃப்ஸுக்கு (சராசரிச் சத்தத்தின் அளவு) மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைக்கும், குறைவாக இருப்பதை உயர்த்தித் தராது. மெலிவாக ஏற்றினால் மெலிவாகவேதான் கேட்கும்.

'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் இரைச்சலை மைக்கின் குற்றம் என்று நினைத்து மைக்கை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் எர்த்தில் இருக்கும். மிக்சர் ஒரு பிளக்கில், லேப்டாப் ஆலயத்தின் மறு கோடியில் வேறொரு லைனில் இருக்க, ஆடியோ வயர் இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் நோய் அதுதான். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசோலேட்டரையோ டிஐ பாக்ஸையோ இடையில் வைத்தால் தீரும். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிற வழக்கம் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உதடும் சத்தமும் ஒட்டாமல் போவது இன்னொரு நிரந்தரத் தொல்லை. படம் கேமரா, ஸ்விட்சர் (கேமராக்களை மாற்றும் கருவி), கேப்ச்சர் கார்டு (படத்தை லேப்டாப்புக்குள் வாங்கும் கருவி) என்று சுற்றி வருவதால் தாமதமாக வரும். சத்தம் நேர்வழியில் முன்னால் வந்து நிற்கும். ஒருவரை மைக்குக்கு முன் நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கை சேரும் ஃபிரேமுக்கும் சத்தம் விழும் இடத்துக்கும் இடையே எண்ணுங்கள். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. நான்கு ஃபிரேம் முந்தினால், ஓபிஎஸ்ஸில் அந்த ஆடியோவின் சிங்க் ஆஃப்செட்டில் 160 என்று இடுங்கள். கருவி எதையாவது மாற்றினால் மறுபடி தட்டிப் பாருங்கள்.

கேமராவுக்கு வருவோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 நொடியிலோ 1/125-இலோ இருந்தால் படத்தில் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் நகரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கேமராவில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அது என்டிஎஸ்சி முறையில் 30 ஃபிரேம், 1/60 என்று அமைந்திருக்கும். மெனுவில் 'பால்' (PAL) முறைக்கு மாற்றி 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். 30 ஃபிரேமிலேயே இருக்க வேண்டிய நிலை என்றாலும் ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 ஆக்கினால் பட்டை போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமும் மினுங்கலின் முழுச் சுற்றுகளையே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டுக்கு இது எப்போதும் பலிக்காது, அதை பிரேமுக்கு வெளியே வைப்பதே வழி. பட்டை இல்லாமல் முகத்தில் மட்டும் நிழல் துடித்தால் மேலே பாருங்கள்: விளக்குக்கும் போதகருக்கும் நடுவில் ஒரு சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒரு ஃபேனை நிறுத்துங்கள், அல்லது அந்த விளக்கை.

டிஎஸ்எல்ஆரோடு வந்த 18–55 லென்ஸ் உங்கள் ஆலயத்துக்குப் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார், வீடியோவுக்கு ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயரம். தூரத்தை அதால் பெருக்கி லென்ஸின் எண்ணால் வகுத்தால், படத்தில் எவ்வளவு உயரம் விழும் என்பது வரும். பின்சுவரோரம், பீடத்திலிருந்து 20 மீட்டரில் நின்று 55-இல் எடுத்தால் படத்தின் உயரம் கிட்டத்தட்ட 4.7 மீட்டர், அதில் போதகர் தீக்குச்சி மாதிரி நிற்பார். அதே இடத்தில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1.3 மீட்டர், இடுப்புக்கு மேல் அழகாக வரும். லென்ஸ் வாங்கப் பணமில்லை என்றால் கேமராவைப் பீடத்திலிருந்து 8 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். 55-இலேயே 1.9 மீட்டர் கிடைக்கும். நடுப்பாதையில் வைக்காமல், தூணோரம் சற்றுப் பக்கவாட்டில், போதகரின் கண் உயரத்தில் வையுங்கள். மரப்பலகை மேடையில் டிரைபாடை நிறுத்தினால் யாராவது நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் படம் ஆடும்.

வெளிச்ச அளவும் நிறமும் கையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளை அங்கி, பின்னால் எல்இடி சுவர் இருக்கும் இடத்தில் ஆட்டோவை நம்பினால் கேமரா வெள்ளையைப் பார்த்துப் பயந்து முகத்தைக் கறுக்கடித்துவிடும். முகத்துக்கு அளவு வையுங்கள். ஜிப்பாவின் மடிப்பு கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, யாரும் மடிப்பைப் பார்க்க வரவில்லை. எல்இடி சுவரை முடிந்த அளவு மங்கலாக்கச் சொல்லுங்கள். ஃபோகஸும் அப்படியே. பின் திரையில் போதகரின் முகம் பெரிதாக ஓடினால் சில கேமராக்கள் அந்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய டிஎஸ்எல்ஆர்களில் வீடியோ 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பில் பதிவு செய்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எழுத்தும் சதுரங்களும் இல்லாத சுத்தமான படம் அந்த வழியில் வருகிறதா என்று மெனுவில் சோதிக்க வேண்டும், பேட்டரிக்குப் பதில் அடாப்டரும் வேண்டும். கேமராவின் சின்ன எச்டிஎம்ஐ துளை மெல்லியது. வயரை டிரைபாடில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டுவிடுங்கள், யாராவது காலால் இழுத்தாலும் துளை பிழைக்கும். சாதாரண எச்டிஎம்ஐ வயர் 15 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. தூரம் அதிகமென்றால் சிக்னலை எஸ்டிஐ என்ற வகைக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டு, கேபிள் டிவிக்காரர் பயன்படுத்துகிற மாதிரி கோஆக்சியல் வயரில் கொண்டுவாருங்கள்.

கேமராவை எப்படி ஆட்டுவது என்பதற்கு ஒரே பதில்: ஆட்டாதீர்கள். பிரசங்கத்தில் தலைக்கு மேல் கொஞ்சம் இடம், பார்க்கும் திசையில் கூடுதல் இடம், அவ்வளவுதான். நடந்து நடந்து பேசுகிறவராக இருந்தால் பிரேமை அகலமாக்கி அவரை உள்ளே நடக்க விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்கும் கூட்டங்களில் இருவரையும் ஒரே பிரேமில் வையுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மாறி மாறி வெட்டினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டாவது கேமராவாக ஒரு போனை மாடத்தில் அசையாமல் வைத்தால், முதல் கேமராவை நகர்த்த வேண்டிய நேரத்தில் அதற்குத் தாவலாம். பாட்டில் மாறும்போது வரியின் முடிவில் மாறுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பமும் இரசமும் உயர்த்தப்படும்போது படத்தை மாற்றவோ ஜூம் போகவோ கூடாது. எந்தச் சபையாக இருந்தாலும் நற்கருணை வாங்குகிறவரின் முகத்தை நெருக்கத்தில் காட்டக்கூடாது.

பாடல் வரி போடுகிற இருக்கையை யாரும் மதிப்பதில்லை. சத்தத்துக்கு அடுத்தபடியாக, புதியவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. வரி போடும் மென்பொருளில் ஓபன்எல்பி இலவசம், நன்றாக வேலை செய்யும். ஒரு திரைக்கு இரண்டு வரி, அதிகம் போனால் நான்கு. அடுத்த வரிக்கு, பாடுகிறவர் கடைசிச் சொல்லைத் தொடங்கும்போதே நகர்த்த வேண்டும். முடித்தபின் நகர்த்தினால் சபை ஒரு நொடி தடுமாறும். சரணத்துக்குப் பின் பல்லவிக்கு எத்தனை முறை திரும்புவார்கள் என்பது பாடகருக்கே தெரியாது. ஆகவே பல்லவிக்குத் தாவும் குறுக்கு விசை விரலடியில் இருக்கட்டும். பழைய கோப்புகளில் பாடல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும், ஒரு கால் விழுந்தாலும் பொருள் மாறும். எடிட்டிங் மென்பொருளில் 'கொ' என்பதன் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துரு காரணமல்ல. பிரீமியரில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும்.

வசனம் போடுகிறவர் எந்த மொழிபெயர்ப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். போதகர் பழைய திருப்புதல் எனப்படும் மொழிபெயர்ப்பில் 'ஆதியாகமம்', 'சங்கீதம்', '1 நாளாகமம்' என்று சொல்வார். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவையே 'தொடக்கநூல்', 'திருப்பாடல்கள்', '1 குறிப்பேடு'. கணினியில் ஒன்றும் பீடத்தில் இன்னொன்றும் இருந்தால், போதகர் ஒன்று வாசிக்க, திரையில் வேறொன்று ஓடும். சனிக்கிழமை இரவே வசனப் பட்டியலை வாங்கிவிடுங்கள்.

நேரலைக்கு அமைப்புகள்: பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு, 1080 தரப் படத்துக்கு 4500 கேபிபிஎஸ், கணினியோ இணையமோ திணறினால் 720-க்கு 3000. பிட்ரேட் சிபிஆர் (மாறாத அளவு), கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி, ஆடியோ 128, மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். இணையத்தின் அப்லோட் வேகம் இதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 4500-இல் இரண்டு மணி நேரம் போனால் 4 ஜிபி செலவாகும், போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் இதை முன்கூட்டிப் பார்க்க வேண்டும். ஆலய வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து வயர் இழுங்கள். சபை கூடியதும் அத்தனை போனும் அதே வைஃபையில் ஏறும், சனிக்கிழமை சோதித்தபோது கிடைத்த வேகம் ஞாயிறு பத்து மணிக்கு இருக்காது.

படம் தெறித்தால் உடனே பிட்ரேட்டைக் குறைப்பார்கள். முதலில் ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பலகையைப் பாருங்கள். நெட்வொர்க் காரணமாக விட்ட ஃபிரேம் ஏறினால் இணையம்தான், பிட்ரேட்டைக் குறைக்கலாம். என்கோடிங் தாமதத்தால் விட்டது ஏறினால் லேப்டாப் மூச்சு முட்டுகிறது, பிட்ரேட் குறைத்துப் பயனில்லை. 720-க்கு இறங்குங்கள், பிரவுசரை மூடுங்கள். பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். சாதாரண எம்பி4-இல் பதியும்போது கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவியில் போன நொடி வரை இருக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப் ஆடியோவை ஊமையாக்குங்கள், இல்லாவிட்டால் வாட்ஸப் வந்த 'டிங்' ஜெபத்துக்கு நடுவில் உலகமெங்கும் கேட்கும். யூடியூப் அமைப்பில் ஆட்டோ ஸ்டாப்பை அணைத்து வையுங்கள். ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் இணைப்பு அறுந்தால் அது ஒளிபரப்பையே முடித்துவிடக்கூடும், பகிர்ந்த லிங்க் செத்துப்போகும். ரவுட்டர், லேப்டாப், ஸ்விட்சர், இரண்டு கேமரா எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ 150 வாட்தான், ஒரு சாதாரண யூபிஎஸ் அந்தச் சில நிமிடங்களைத் தாண்டித் தரும். ரவுட்டரை யூபிஎஸ்ஸில் செருக மறப்பதுதான் வழக்கம். புதிய சேனலில் நேரலையை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், சனிக்கிழமை இரவு தொடங்காதீர்கள்.

சேனல் யார் பெயரில் இருக்கிறது என்று சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள். ஆர்வமாக ஆரம்பித்த ஒரு தம்பியின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும், நம்பர் மாறும், ஓடிபி வராது. சபையின் பெயரில் ஒரு கணக்கு, அதில் உரிமையாளராகப் பொறுப்பில் உள்ள இருவர், மற்ற ஊழியர்களுக்கு யூடியூப் ஸ்டுடியோவில் தனித்தனி அனுமதி. பாஸ்வேர்டைப் பகிர வேண்டிய தேவையே இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓபிஎஸ்ஸை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள், தாராளமாக உட்கார வையுங்கள். சாவி மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

பாட்டுக்கு உரிமைக் கோரல் வந்தால் பதறாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதை மீறலாக எடுத்துக்கொள்வதில்லை. யூடியூபின் கன்டென்ட் ஐடி சட்டப் புத்தகத்தைப் பார்க்காது, ஒலியை ஒலியோடு ஒப்பிடும். அதனால் கேசட் டிராக்கையோ கரோக்கியையோ ஓட விட்டுப் பாடினால் மாட்டுவீர்கள். வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் காலமானவர், அவர் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றை இன்று ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு அவருக்குச் சொந்தம். உங்கள் கொயர் தாங்களே வாசித்துப் பாடினால் நிம்மதி. கோரல் வேறு, ஸ்ட்ரைக் எனப்படும் விதிமீறல் எச்சரிக்கை வேறு என்பதும் தெரிந்திருக்கட்டும்: 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போகலாம்.

முகங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே இருங்கள். ஜெபிக்க முன்னால் வந்து அழுகிறவரை, சாட்சி சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்கிறவரை, ஞானஸ்நானம் எடுக்கிறவரை அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் வெளியே விடக்கூடாது. வீட்டுக்குத் தெரியாமல் ஆலயம் வருகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஒரு வினாடி முகம் தெரிந்தால் போதும், திருமணப் பேச்சு நிற்கும், வீட்டில் அடி விழும். சபையைக் காட்டும்போது பின்னாலிருந்து காட்டுங்கள், ஒரு பகுதி பெஞ்சுகளைக் கேமரா படாத இடம் என்று அறிவித்துவிடுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்குப் பெற்றோரின் சம்மதத் தாளை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி வைக்கலாம்.

விசேஷ நாட்களில் வழக்கமான கணக்கு உடையும். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. 50 எம்பிபிஎஸ்ஸில் பதியும் கேமராவில் 64 ஜிபி கார்டு சுமார் 2 மணி 45 நிமிடம்தான் தாங்கும், ஏழாம் வார்த்தைக்குப் போதகர் எழும்போது கார்டு நிறைந்திருக்கும். ஆறாம் வார்த்தைக்கு முந்தைய பாட்டில் கார்டை மாற்றுங்கள். டிசம்பர் 31 இரவில் போன் டேட்டாவை நம்ப வேண்டாம். பந்தலில் கன்வென்ஷன் என்றால் மிக்சருக்கும் வீடியோ மேசைக்கும் ஒரே லைனில் கரண்ட் வாங்குங்கள், பாதையைக் கடக்கும் வயர் அனைத்துக்கும் துணி டேப் ஒட்டுங்கள்.

சேமிப்புக்கு அதிகம் செலவில்லை. 8 எம்பிபிஎஸ்ஸில் பதிந்த இரண்டு மணி நேர ஆராதனை 7.2 ஜிபி, ஆண்டுக்கு 52 ஞாயிறு சேர்த்தால் 375 ஜிபிக்குள். ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு போதும்: ஒன்று ஆலயத்தில், அதன் நகல் வேறொருவர் வீட்டில். கோப்பின் பெயரை 2025-04-18 என்று ஆண்டிலிருந்து தொடங்குங்கள், தானாக வரிசையாக நிற்கும்.

கடைசியாக, ஆராதனை முடிகிற அந்த இரண்டு நிமிடம். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், வீடியோ மேசையில் இருப்பவரும் ஹெட்போனைக் கழற்றிவிடுவார். போதகரின் காலர் மைக் இன்னும் உயிரோடு இருக்கும். சவுண்ட் பார்க்கிறவர் ஸ்பீக்கருக்கான ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பை) இறக்கியிருப்பார். உங்கள் ஆக்ஸ் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்கிறதாக இருந்தால் நேரலைக்கு அது போய்க்கொண்டே இருக்கும். ஆலயத்துக்குள் யாருக்கும் கேட்காது. கணவன் குடியைப் பற்றி ஒரு அக்கா போதகரிடம் மெதுவாகச் சொல்வது குவைத் வரை கேட்கும். ஆசீர்வாதத்தின் 'ஆமென்' விழுந்ததும் முதலில் ஆடியோவை ஊமையாக்குங்கள், பிறகு நிறைவுப் படத்தைப் போடுங்கள், பத்து நொடி கழித்து ஒளிபரப்பை நிறுத்துங்கள். யூடியூப் ஸ்டுடியோவிலும் முடிந்துவிட்டதா என்று போனில் பார்த்த பிறகே ஹெட்போனைக் கழற்றுங்கள்.